கொம்பையா சட்டைக்குள் போன கதை

கோணங்குளத்துக்கு வழி எது என்று கோணங்குளத்துக்காரர்களிடம் மட்டும் கேட்கக் கூடாது. அவர்கள்தான் ஏற்கனவே அங்கே இருக்கிறார்களே, வழியைத் தெரிந்து வைத்துக்கொண்டு என்ன செய்ய என்று விட்டுவிட்டார்கள். அந்த ஊரில் வாத்து மேய்த்துக்கொண்டிருந்தவன் கொம்பையா. நல்ல உயரம், நல்ல மனசு, தலைக்குள்ளே நல்ல காற்றோட்டம்.

அவனுக்கு வடலிக்காட்டில் பெண் பார்த்திருந்தார்கள். பெண் பெயர் சொர்ணத்தாய். பார்க்கப் போன அன்றைக்கு அவள் தையல் மிஷினை மிதித்துக்கொண்டே நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தாள். அன்றிலிருந்து கொம்பையா சாயங்காலம் வாத்துகளை எண்ணிப் பார்ப்பதை விட்டுவிட்டான். வாத்துகளுக்கும் அது சௌகரியமாக இருந்தது.

வடலிக்காடு முழுக்கத் தையல்காரர்கள். அங்கே ஒரு வழக்கம் உண்டு. நகை கேட்க மாட்டார்கள், நிலம் கேட்க மாட்டார்கள். மாப்பிள்ளை தாலி கட்ட வரும்போது போட்டிருக்கிற சட்டை, மாப்பிள்ளை வீட்டு ஆண்கள் தங்கள் கையாலேயே அளந்து வெட்டித் தைத்ததாக இருக்க வேண்டும். துணியைப் பெண் வீட்டிலேயே கொடுத்துவிடுவார்கள். முகூர்த்தத்துக்கு முன்னால் பெண்ணின் தாய்மாமன் அந்தச் சட்டையைப் பார்ப்பார். பிடித்தால் மேளம். பிடிக்காவிட்டால் மாப்பிள்ளை வந்த வண்டியிலேயே ஏறிக்கொள்ள வேண்டியதுதான்.

சொர்ணத்தாயின் தாய்மாமன் ஐயம்பெருமாள். அவர் தெருவில் நடந்து வந்தால் எதிரே வருகிறவர்கள் தங்கள் பொத்தானை ஒருதரம் தடவிப் பார்த்துக்கொள்வார்கள். சொர்ணத்தாய்க்கு முன்பு வந்த இரண்டு மாப்பிள்ளைகளை அவர் சட்டையைக் காட்டித் திருப்பி அனுப்பியிருந்தார். அதில் ஒருவன் அதற்கப்புறம் சட்டை போடுவதையே நிறுத்திவிட்டான் என்று கேள்வி.

துணி வாங்கக் கோணங்குளத்திலிருந்து நாலு பேர் போனார்கள். கொம்பையா ஒருவன். அவன் பெரியப்பா மகன் வெள்ளைக்கண்ணு ஒருவர். மீசை பெரிதாக இருந்ததால் ஊரில் அறிவாளி என்று பெயர் எடுத்தவர். அத்தை மகன் உச்சிமாகாளி ஒருவன். யார் எதைச் சொன்னாலும் ‘அதான் சரி’ என்பான். சித்தப்பா மகன் தளவாய் ஒருவன்; வாயே திறக்க மாட்டான். திறந்தால் அதோடு பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

பெண் வீட்டார் துணியைக் கையால் தொட்டு உதவக் கூடாது. ஆனால் வாயால் சொல்லித்தரத் தடை இல்லை. சொர்ணத்தாய் மிஷினை நிறுத்திவிட்டு, கோணங்குளத்தைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்ததால், நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

“மொதல்ல அளவு எடுங்க. அவ்வோ வெறப்பா நிக்கப்படாது. அளவு எடுக்கதே தெரியாத மாதிரி சாதாரணமா நிக்கணும். எடுத்த ஒடனே துணில கைய வச்சிராதிய. மொதல்ல பேப்பர்ல வரைஞ்சு வெட்டுங்க. பேப்பர் வீணாப் போனாப் பரவால்ல, துணி ஒரு துண்டுகூட வீணாவப்படாது. பேப்பர்ல பாதி ஒடம்பு வரைஞ்சாப் போதும், மறுபாதி தானா வந்துரும். கழுத்த வட்டமா வெட்டுங்க. கடைசில முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் சேத்து வச்சு சுத்தித் தச்சிருங்க. அவ்வளவுதான்.”

பாதி வரைந்த பேப்பரை, துணியை இரண்டாக மடித்து மடிப்போரத்தில் வைத்து வெட்ட வேண்டும் என்பதை அவள் சொல்லவில்லை. வடலிக்காட்டில் அதை யாரும் யாருக்கும் சொல்வதில்லை. சோற்றை வாயில்தான் போட வேண்டும் என்று யார் சொல்லித்தருகிறார்கள்?

கிளம்பும்போது அவள் கொம்பையாவை மட்டும் நிறுத்தினாள். மாமா கொஞ்சம் கண்டிப்பானவர் என்றாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “மொத வந்த ரெண்டு பேரு திரும்பிப் போனப்ப எனக்கு ஒண்ணும் தோணல. ஒங்கள அனுப்பினா எனக்கு வருத்தமா இருக்கும்.”

கொம்பையா தலையைப் பலமாக ஆட்டினான். வெள்ளைத் துணியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு திரும்பி நடந்தான். கதவு எந்தப் பக்கம் என்று பாராததால் முதலில் சுவரில் போய் முட்டினான்.

இத்தனை உபதேசத்தையும் ஒரே ஆள் சுமந்து வந்தால் வழியில் சிந்திவிடும் என்று வெள்ளைக்கண்ணு ஆளுக்கொன்றாகப் பிரித்துக் கொடுத்தார். அளவு தனக்கு, பேப்பர் தளவாய்க்கு, கழுத்து உச்சிமாகாளிக்கு. ‘மறுபாதி தானா வந்துரும்’ என்பது கொம்பையாவின் பங்கு. நாலு பேரும் வாய்க்குள் முணுமுணுத்தபடியே வந்தார்கள். எதிரே வந்த ஒருவர் வணக்கம் சொன்னதற்குக்கூட யாரும் பதில் சொல்லவில்லை. வாயைத் திறந்தால் விழுந்துவிடுமே.

அளவிலிருந்து ஆரம்பித்தார்கள். வெள்ளைக்கண்ணு வீட்டில் டேப் கிடையாது. கன்றுக்குட்டி கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்துக்கொண்டு வந்தார். கன்றுக்குட்டி அன்றைக்கே ஊரைவிட்டுப் போனது தனிக் கதை.

கொம்பையாவை நிற்கச் சொன்னார்கள். நின்றான். விறைப்பாக நிற்கிறாய் என்றார்கள். தளர்த்தினான். ரொம்பத் தளர்த்தியதில் கீழே உட்கார்ந்துவிட்டான். மறுபடி எழுப்பி நிறுத்தினால், அளவு எடுக்கிறார்கள் என்ற நினைப்பு வந்த உடனே முதுகு தானாக நிமிர்ந்துகொண்டது.

“இவனுக்குத் தெரிஞ்சு எடுத்தா இது நடக்காது. தெரியாம எடுக்கணும்னுதான அந்தப் புள்ள சொல்லிச்சு” என்றார் வெள்ளைக்கண்ணு.

“அதான் சரி” என்றான் உச்சிமாகாளி.

குளத்துக் கரையில் ஒரு உடைமரப் புதர். அதன் பின்னால் கயிற்றோடு ஒளிந்திருப்பது, கொம்பையா ஒன்றும் தெரியாமல் அந்த வழியாக வரும்போது பாய்ந்து பிடித்து அளந்துவிடுவது என்று முடிவாயிற்று. எல்லாரும் ஒளிந்தார்கள். கல்யாணம் தன்னுடையது என்பதால் கொம்பையா எல்லாருக்கும் முன்னால் போய், நல்ல இடமாகப் பார்த்து ஒளிந்துகொண்டான்.

வெயில் ஏறியது. கொம்பையா வரவில்லை.

“எங்கலே போய்த் தொலைஞ்சான்?” என்று வெள்ளைக்கண்ணு பல்லைக் கடித்தார்.

“அவன் எப்பவும் இப்படித்தாண்ணே, ஒரு காரியத்துக்கு வரமாட்டான்” என்றான் கொம்பையா. அவனுக்கே ஆத்திரமாக இருந்தது. இவ்வளவு பேர் வேலையை விட்டுவிட்டுக் காத்திருக்கும்போது ஒரு மனுசன் இப்படியா இருப்பான்? சொர்ணத்தாயின் முகம் வேறு ஞாபகத்துக்கு வந்தது.

கடைசியில் வெள்ளைக்கண்ணு, “ஏலே கொம்பையா, நீ போயி அவனக் கூட்டிக்கிட்டு வா” என்றார்.

கொம்பையா போனான். கரை நெடுகப் பார்த்தான். வாத்துகளிடம் கேட்டான். எங்கேயும் கிடைக்காமல், ‘இவனை நம்பி ஒரு பெண் காத்திருக்கிறாளே’ என்று தோளைத் தொங்கப் போட்டுக்கொண்டு புதருக்கு எதிரே வந்து நின்றான். அவ்வளவு சாதாரணமாக அவன் அதுவரை நின்றதே இல்லை. மூன்று பேரும் பாய்ந்தார்கள். கழுத்து, தோள், நெஞ்சு, கை என்று கயிற்றில் முடிச்சு முடிச்சாகப் போட்டு அளவை எடுத்துவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்து கயிற்றைப் பார்த்தபோது எல்லா முடிச்சும் ஒரே மாதிரி இருந்தது. எது கழுத்து, எது கை என்று கயிறு சொல்லவில்லை. கயிற்றைப் பத்திரமாகச் சுருட்டி, இல்லாத கன்றுக்குட்டியின் முளையில் கட்டி வைத்தார்கள்.

அடுத்தது தளவாயின் பங்கு. டீக்கடையிலிருந்து பழைய பேப்பர் ஒரு கட்டு வாங்கி வந்தான். பேப்பர் வீணாகலாம், துணி வீணாகக் கூடாது. அப்படியானால் முதலில் பேப்பரை வீணாக்கி முடித்துவிட்டால் துணிக்கு ஆபத்து இராது என்பது அவன் கணக்கு. கொஞ்சத்தைக் கிழித்தான். கொஞ்சத்தைக் குளத்தில் முக்கினான். மீதியை வாத்துக்குப் போட்டான். வாத்து தின்னாததால் தானே கொஞ்சம் மென்று துப்பினான். மற்றவர்கள் வந்து பார்த்தபோது அவன் உட்கார்ந்திருந்த தாள் ஒன்றுதான் மிச்சம். எழுந்திருக்க மறந்ததால் அது தப்பித்திருந்தது.

அந்தத் தாளைத் தரையில் விரித்தார்கள். கயிறுதான் கைவிட்டுவிட்டதே, ஆளையே படுக்க வைத்துக் கரிக்கட்டியால் சுற்றிக் கோடு போட்டுவிடலாம் என்றார் வெள்ளைக்கண்ணு. அவர் மீசை சும்மா வளரவில்லை. ஆனால் பாதி உடம்புதானே வரைய வேண்டும்? எந்தப் பாதி என்பதில் விவகாரம் வந்தது.

மேல் பாதி என்றான் உச்சிமாகாளி. பந்தியில் உட்கார்ந்தால் இலைக்கு மேலே தெரிகிற பாதி அதுதான் என்றான். வெள்ளைக்கண்ணு அவனை இரக்கத்தோடு பார்த்தார்.

“தாலி கட்டுதது எந்தக் கையால?”

“வலது கையால.”

“அப்ப வலது பாதிதாம்லே மாப்பிள்ள. எடது பாதி சும்மா கூட வருது.”

“அதான் சரி” என்றான் உச்சிமாகாளி.

கொம்பையா வலது பாதி தாளிலும் இடது பாதி தரையிலுமாகப் படுத்தான். வலது கையை விரித்துக்கொண்டான். கழுத்தடியிலிருந்து இடுப்புவரை கரிக்கோடு ஓடியது. கிச்சுக்கிச்சு மூட்டிய இடங்களில் கோடு கொஞ்சம் நெளிந்தது. அந்த நெளிவையும் விடாமல் வெட்டினார்கள். பேப்பரைத் துணிமேல் வைத்து, ஆட்டு மயிர் கத்தரிக்கும் கத்தரியால் முன்பக்கம் ஒரு பாதி, பின்பக்கம் ஒரு பாதி வெட்டியாயிற்று. மீதித் துணி வீணாகக் கூடாது என்பதால் அதை நன்றாக மடித்து, பெட்டியில் பூட்டி, சாவியைக் குளத்தில் போட்டார்கள். இனிமேல் அது வீணாக வழியே இல்லை.

அரைச் சட்டை அழகாக இருந்தது. இப்போது கொம்பையாவின் பங்கு வந்தது.

“மறுபாதி தானா வந்துரும்” என்றான் அவன். தன் முறை வந்ததில் அவன் குரலே மாறிவிட்டிருந்தது. எல்லாரும் உட்கார்ந்து அரைச் சட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வரவில்லை. நாம் பார்த்துக்கொண்டிருந்தால் கூச்சப்படும் என்று திரும்பி உட்கார்ந்தார்கள். அப்போதும் வரவில்லை. கதவு சாத்தியிருக்கிறதோ என்று கதவைத் திறந்து வைத்தார்கள். ஒரு கோழி வந்தது.

தளவாய் வாயைத் திறந்தான். “வெளியூர்ல இருந்து வாரதா இருந்தா பஸ்ஸுலதான் வரும்.”

அதோடு பேச்சு முடிந்தது. அரைச் சட்டையை ஒரு கம்பில் மாட்டி, வருகிற பாதிக்கு அடையாளம் தெரியட்டும் என்று தூக்கிப் பிடித்துக்கொண்டு பஸ் நிறுத்தத்தில் போய் நின்றார்கள். மத்தியான பஸ் வந்தது. அதிலிருந்து இறங்கியது ஒரே ஒரு ஆள், வாழைத்தார் வியாபாரி. அவர் தோளில் சிவப்புக் கட்டம் போட்ட துண்டு. கம்பில் தொங்கிய பாதியோடு நீளம் சரியாகப் பொருந்தியது.

கொம்பையாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் சொன்னால் சொன்னதுதான்.

வெள்ளைக்கண்ணு கையைக் கூப்பிக்கொண்டு முன்னால் போனார். “வாங்க. காலைல இருந்து ஒங்களத்தான் எதிர்பாத்துக்கிட்டு இருக்கோம்.”

வாழைத்தாருக்கு இந்த ஊரில் இவ்வளவு மவுசா என்று வியாபாரி மலைத்துப் போனார். டீ வாங்கிக் கொடுத்தார்கள். துண்டை மரியாதையாகத் தோளிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். நன்றி தாங்காமல் கொம்பையா ஓடிப்போய் ஒரு வாத்தைப் பிடித்து வந்து அவர் கையில் கொடுத்தான். வியாபாரி எதையும் கேட்கவில்லை. இவர்கள் மனசு மாறுவதற்குள், திரும்பிப் போகக் காத்திருந்த அதே பஸ்ஸில் வாத்தோடு ஏறி உட்கார்ந்துகொண்டார்.

துண்டை இரண்டாகக் கிழித்து வெள்ளைப் பாதிகளோடு ஒட்டுப் போட்டார்கள். தைத்தது நெல் மூட்டை தைக்கிற கோணி ஊசியால், அதே சணல் நூலால். இப்போது முழு முன்பக்கம் ஒன்று, முழுப் பின்பக்கம் ஒன்று. வலது வெள்ளை, இடது சிவப்புக் கட்டம், அங்கங்கே வாழைக்கறை.

கழுத்து உச்சிமாகாளியின் பங்கு. வட்டமாக வெட்டினான். வெட்டிய வட்டத்துண்டு கையோடு வந்தது. அதைப் பார்த்ததும் அவன் முகம் வெளுத்துவிட்டது.

“அண்ணே, துணி வீணாப் போச்சே.”

எல்லாரும் சுற்றி நின்று அந்த வட்டத்தைப் பார்த்தார்கள். ஒரு துண்டுகூட வீணாகக் கூடாது என்று அவள் சொல்லியிருக்கிறாள். கழுத்தை வெட்டவும் சொல்லியிருக்கிறாள். வெட்டாமலிருந்தால் ஒரு பேச்சை மீறியதாகும், வெட்டினால் இன்னொன்றை. வெள்ளைக்கண்ணு வெகு நேரம் மீசையை இழுத்துவிட்டுக்கொண்டு யோசித்தார். வெட்டச் சொன்னாள், வெட்டியாயிற்று. வெட்டிய துண்டு எங்கே போக வேண்டும் என்று அவள் சொல்லவில்லை. எனவே அதை எடுத்த இடத்திலேயே வைத்துத் தைத்துவிட்டால் இரண்டு பேச்சையும் காப்பாற்றியதாகும். தைத்தார்கள். நன்றாக மூடிக்கொண்டது.

பிறகு முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் சேர்த்து வைத்துச் சுற்றித் தைத்தார்கள். அவள் சுற்றி என்றால் சுற்றித்தான். தோளில் ஆரம்பித்து, கையின் வாயை மூடி, விலாவில் இறங்கி, அடிப்பக்கம் முழுக்கப் போய், அந்தப் பக்கம் ஏறி, தொடங்கிய இடத்திலேயே முடிச்சுப் போட்டார்கள். எங்கேயும் ஒரு ஈ நுழைய இடமில்லை. அப்படியொரு கெட்டியான தையல்.

கல்யாணத்தன்று காலையில் கொம்பையா குளித்துவிட்டு வந்து சட்டையைப் போட்டுப் பார்த்தான். தலையால் முட்டினான். கையால் துழாவினான். திருப்பிப் போட்டு அடியிலிருந்து முயன்றான். சட்டை அவனை உள்ளே விடவில்லை. வெளியே வண்டி பூட்டி நிற்கிறது. வடலிக்காட்டில் அவள் பட்டுப்புடவை கட்டிக்கொண்டிருப்பாள். அவன் சட்டையை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான்.

“நல்ல சட்டைதாம்லே” என்றார் வெள்ளைக்கண்ணு, அதைத் தட்டிக் கொடுத்துக்கொண்டு. “போடத்தான் வழி இல்ல.”

“வழி விட்டுத் தச்சிருக்கணுமோண்ணே?” என்றான் கொம்பையா.

“சுத்தித் தைக்கச் சொன்னா. வழி விட்டா அது சுத்தியா? அந்தப் புள்ள அவ்வளவு தெளிவா சொல்லிருக்கு, நாம மீறலாமா?”

உச்சிமாகாளி இரண்டு பேருக்கும் தனித்தனியே அதான் சரி என்றான். கொம்பையா அழவில்லை. மூக்கை மட்டும் சட்டையில் துடைக்கப் போய், வேண்டாம் என்று வேட்டியில் துடைத்துக்கொண்டான்.

தளவாய் வாயைத் திறந்தான். “சட்டையத் தச்சுட்டு ஆள உள்ள விடப் பாக்கோம். ஆள உள்ள வச்சுட்டுச் சட்டையத் தச்சா என்ன?”

எல்லாரும் அவனைப் பார்த்தார்கள். இத்தனை நாள் இந்தத் தலை தங்கள் நடுவிலா இருந்தது என்று வெள்ளைக்கண்ணுவுக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. ஓரத் தையலை எல்லாம் பிரித்தார்கள். கொம்பையாவைக் கையை விரித்து நிற்க வைத்து, முன்னால் ஒரு துண்டம், பின்னால் ஒரு துண்டமாகப் பொருத்தி, ஆளுக்கொரு ஊசியோடு சுற்றி வந்தார்கள். தாலி கட்டக் கை வேண்டுமே என்பதற்காகக் கையை வெளியே விட்டார்கள். தலையையும் விட்டார்கள், கழுத்து வட்டத்தின் தையலை ஒரு ஓரத்தில் மட்டும் பிரிக்காமல் விட்டுவைத்ததில் அது பிடரிக்குப் பின்னால் பானை மூடிபோல நிமிர்ந்து நின்றது.

கொம்பையா ஊசிக்கெல்லாம் அசையவில்லை. சொர்ணத்தாயை நினைத்துக்கொண்டு நின்றான். ஒரே ஒரு இடத்தில்தான் வாய் திறந்தான்.

“அது சட்டை இல்லண்ணே, அது நான்.”

“ரெண்டும் ஒண்ணாத் தெரியுதுன்னா அதுதாம்லே தையல்” என்றார் வெள்ளைக்கண்ணு.

வடலிக்காட்டில் பந்தல் நிறைய ஆள். மாப்பிள்ளை வண்டியிலிருந்து இறங்கியதும் எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். ஐயம்பெருமாள் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு எழுந்து வந்தார். நல்ல கனத்த உடம்பு. கொம்பையாவை ஒரு சுற்றுச் சுற்றினார். வெள்ளையைப் பார்த்தார். கட்டத்தைப் பார்த்தார். பிடரி மூடியை விரலால் ஆட்டிப் பார்த்தார். தோளில் கிள்ளிப் பார்த்தார். துணி கையோடு வரவில்லை, மாப்பிள்ளைதான் வந்தார்.

“இத்தன காலம் எவ்வளவோ சட்டை பாத்தாச்சு” என்றார் ஐயம்பெருமாள் மெதுவாக. “இப்படி ஒடம்போட ஒட்டின தையல நான் பாத்ததே இல்ல.”

கூட்டம் வாயைப் பிளந்தது. கதவோரம் நின்ற சொர்ணத்தாய் மட்டும் சணல் நூல் வேட்டியையும் சேர்த்துப் பிடித்திருப்பதைப் பார்த்துவிட்டாள். என்ன நடந்திருக்கிறது என்று அவளுக்கு ஒரு நொடியில் விளங்கிவிட்டது. முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்குவதைப் பார்த்த கொம்பையா, அழுகிறாள் என்று நினைத்துக் கலங்கிப் போனான்.

“சரி, கழட்டி இப்படிக் குடுங்க மாப்ள” என்றார் ஐயம்பெருமாள். “உள்தையல் பாக்காம நான் எதையும் நல்லா இருக்குன்னு சொன்னதில்ல.”

நாலு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வெள்ளைக்கண்ணு தொண்டையைச் செருமிக்கொண்டு, கழற்ற முடியாது, ஆள் உள்ளே இருக்கிறார் என்று விவரம் சொன்னார். ஆளை வெளியே வரச் சொல்லுங்கள் என்றார் அவர். வருவதற்கு வழி வைக்கவில்லை என்றார் இவர். சட்டையைத் திருப்ப முடியாவிட்டால் மாப்பிள்ளையைத் திருப்பிப் பார்க்கலாமே என்று உச்சிமாகாளி சொல்ல, கொம்பையாவைக் காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கிக் காட்டினார்கள். அப்போதும் வெளிப்பக்கம்தான் தெரிந்தது. நாதஸ்வரக்காரர் மூன்றாவது தடவையாகச் சீவாளியை நனைத்தார். ஐயர் வானத்தைப் பார்த்துவிட்டு, இன்னும் கொஞ்ச நேரத்தில் முகூர்த்தம் தாண்டிவிடும் என்று பொதுவாகச் சொன்னார்.

ஐயம்பெருமாள் கண்ணாடியைக் கழற்றினார். அவர் கண்ணாடியைக் கழற்றினால் என்ன அர்த்தம் என்று அந்த ஊருக்கே தெரியும். வண்டிக்காரன் மாட்டை அவிழ்த்து மறுபடி பூட்டப் போனான். இன்னும் தலைகீழாகவே இருந்த கொம்பையா சொர்ணத்தாயைத் தேடினான். அவளும் தலைகீழாக நின்றாள்.

தளவாய் வாயைத் திறந்தான். “உள்பக்கம் உள்ளதான இருக்கு. பாக்கணும்னு சொல்லுதவரு உள்ள போயிப் பாக்கட்டும்.”

 ஐயம்பெருமாள் கோபப்படலாமா என்று யோசித்தார். அதில் தப்பு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. அந்த நேரம் பார்த்து சொர்ணத்தாய் முந்தானையை வாயிலிருந்து எடுத்தாள்.

“ஆமா மாமா. பாக்காம சரின்னு சொல்லிராதிய. பாக்காம கூடாதுன்னும் சொல்லிராதிய. ரெண்டும் ஒங்க பேருக்கு அழகில்ல.”

தன் பெயரென்று வந்துவிட்டால் அவர் எதற்கும் துணிந்த மனுசர். மேல்துண்டை மடித்து ஒருவர் கையில் கொடுத்தார். கொம்பையாவை நேராக நிறுத்தி, விலாத் தையலைப் பிரித்து, ஐயம்பெருமாளைக் குனிய வைத்து மூன்று பேரும் உள்ளே தள்ளினார்கள். ஆள் முழுக்க உள்ளே போனதும் வெள்ளைக்கண்ணு சட்டென்று அந்த இடத்தையும் தைத்து மூடினார். திறந்து கிடந்தால், தைக்காத சட்டை என்று குற்றம் சொல்லிவிடுவாரே. வெளியூரிலிருந்து தாமதமாக வந்த ஒரு அம்மா, மாப்பிள்ளைக்கு இந்த வயதிலேயே இப்படியொரு தொந்தியா என்று பக்கத்தில் கேட்டாள்.

“என்ன மாமா, தையல் எப்படி?” என்று சொர்ணத்தாய் கேட்டாள்.

கொம்பையாவின் வயிற்றிலிருந்து பதில் வந்தது. “ஒண்ணுந் தெரியல. இருட்டாக் கெடக்கு. வெளக்குக் கொண்டாங்க.”

மணவறையிலிருந்த காமாட்சி விளக்கை எடுத்தார்கள். உள்ளே போனால் யார் பிடிப்பது? உச்சிமாகாளி, அதான் சரி என்று சொல்ல வாயைத் திறப்பதற்குள் அவனையே பிடித்து, அந்தப் பக்க விலாவைப் பிரித்து விளக்கோடு உள்ளே ஏற்றித் தைத்துவிட்டார்கள். சட்டை வெளிச்சம் போட்டது. கோயில் கொடைத் திருவிழாவுக்கு வைக்கிற காகிதக் கூண்டு விளக்குபோல ஒரு பக்கம் வெள்ளையாகவும் ஒரு பக்கம் சிவப்புக் கட்டமாகவும் பந்தல் நடுவில் நின்று எரிந்தது.

“இப்பத் தெரியுதா?” என்றார் வெள்ளைக்கண்ணு.

“வெளக்கு தெரியுது” என்றது உச்சிமாகாளியின் குரல். “மாமா குனிஞ்சு பாக்கத்தான் எடம் காணல. கொம்பையாவக் கொஞ்சம் வெளிய எடுங்க.”

அதில் ஒருவருக்கும் ஆட்சேபம் இல்லை. தோளையும் வேட்டியைப் பிடித்திருந்த தையலையும் பிரித்துக் கொம்பையாவை மேலே உருவி எடுத்து, இடத்தைப் பழையபடி மூடினார்கள். அவன் ஊசி குத்தின அடையாளங்கள் தெரிய வெற்றுடம்போடு சொர்ணத்தாயின் பக்கத்தில் நின்றான். எதிரே அவன் சட்டை நின்றது. அது நல்லபடியாகத் தேறி வர வேண்டுமே என்று அவன் குலசாமியை வேண்டிக்கொண்டான்.

சட்டைக்குள் கொஞ்ச நேரம் விளக்கு இங்கும் அங்கும் நகர்ந்தது. பிறகு ஐயம்பெருமாளின் குரல் கணீரென்று வந்தது.

“சணல் நூலு. மூட்டைத் தையலு. ஆனா பிரியாது. ஆயுசுக்கும் பிரியாது. அடிங்க மேளத்த.”

மேளம் கொட்டியது. ஐயர் தாலியை நீட்டினார். வெள்ளைக்கண்ணு குறுக்கே விழுந்து தடுத்தார். அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டுதானே தாலி கட்ட வேண்டும்? சட்டையோ நிறைந்திருக்கிறது. நேரம் போய்க்கொண்டிருந்தது. சொர்ணத்தாயே பார்த்தாள். சட்டையை அப்படியே தள்ளிக்கொண்டு வந்து கொம்பையாவை ஒட்டி நிறுத்தி, காலியாகக் கிடந்த அதன் கைகளுக்குள் அவன் கைகளைப் பின்பக்கமாக நுழைத்துவிட்டாள். அவன் அந்தச் சட்டையின் கைகளால், சட்டையைக் கட்டிப்பிடித்தபடி எட்டி, அவள் கழுத்தில் மூன்று முடிச்சுப் போட்டான். முடிச்சு முடிச்சாக அளவு கொடுத்துப் பழகிய ஆள்; முடிச்சு சரியாகவே விழுந்தது. பூ மழையாகக் கொட்டியது. அதில் பாதி சட்டைக்குள் போய், உச்சிமாகாளி தும்மியது கேட்டது.

கொம்பையா நிமிர்ந்து பார்த்தான். சொர்ணத்தாய் சிரித்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் அவள் முதலிலும் அழவில்லை என்று அவனுக்குப் புரிந்தது.

சத்தமெல்லாம் அடங்கி, பந்திக்கு இலை போடுகிற நேரம். இனி தையலைப் பிரித்து அவர்களை வெளியே விடலாம் என்று வெள்ளைக்கண்ணு போனார். உள்ளேயிருந்து ஐயம்பெருமாள் மறித்தார்.

“பொறுங்க. தையல் பாத்தாச்சு. இனிமே சட்டை மாப்பிள்ளைக்குப் பொருத்தமா இருக்கான்னு பாக்கணும். மாப்பிள்ளைய உள்ள வரச் சொல்லுங்க.”

வெள்ளைக்கண்ணுவுக்கு அது நியாயமாகத்தான் பட்டது. தோள் தையலைப் பிரித்து வழி செய்தார். கொம்பையாவும் தட்டாமல் ஒரு காலைத் தூக்கி உள்ளே வைத்தான். ஊசியில் புதிதாகச் சணலைக் கோத்துக்கொண்டே வெள்ளைக்கண்ணு திரும்பி, மாலையும் கழுத்துமாக நின்ற சொர்ணத்தாயைப் பரிவோடு பார்த்தார்.

“ஏம்மா, நீயும் அவன்கூட உள்ள போறியா? கையோட கையா தச்சிருதேன்.”